இலை மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்: பெங்களூரு மாடித்தோட்டத்துக்கு ஒரு சத்துக்குறை வழிகாட்டி

2024 கோடையில் பெங்களூருவில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் லாரியின் ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கும். அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் அப்போது நாற்பது தொட்டிகள் இருந்தன. வந்த கொஞ்சக் காவேரித் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, செடிகளுக்கெல்லாம் லாரியில் வந்த போர் தண்ணீரை ஊற்றினோம். ஏப்ரல் கடைசியில் கறிவேப்பிலைக் கொழுந்து வெளிறத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சள். சத்துக் குறைந்துவிட்டது என்று நினைத்து மண்புழு உரம் வைத்தேன், எலும்புத் தூள் வைத்தேன், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். வெளிறல் கூடியது. பக்கத்தில் இருந்த எலுமிச்சைக் கன்று இலையைக் கொட்டியது.

ஜூன் தொடக்கத்தில் நல்ல மழை பிடித்தது. நான் வேறு எதுவும் செய்யவில்லை. அடுத்து விட்ட கொழுந்து பச்சையாக வந்தது.

அந்தத் தொட்டியில் இருந்தது செம்மண். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். இரும்புக்குள் வேர் விட்டு நின்ற செடி இரும்புச்சத்து இல்லாமல் வெளிறியது. சத்து மண்ணில் இருந்தும் செடியால் அதை எடுக்க முடியவில்லை. நான் பார்த்த வரையில் பெங்களூரு மாடிகளில் சத்துக் குறை என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதனால் இந்த வழிகாட்டியில் உரம் கடைசியில் வருகிறது. தண்ணீரும் வேரும் முதலில் வருகின்றன.

முதல் படி: ஒரு வாரம் எதையும் போடாதீர்கள்

இலை மஞ்சளானதும் கை தானாக உரப் பைக்குப் போகும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்று பொருள் போட்டால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

காலை எட்டு மணி வெளிச்சத்தில் இலையின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் வெளிர்பச்சையும் ஒன்று போலத் தெரியும், அதனால் பகலில்தான் எடுக்க வேண்டும். அப்புறம் பாதிப்பு தொடங்கிய இலைக் காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த நூலுக்கு மேலே பரவியிருக்கிறதா, கீழே பரவியிருக்கிறதா என்று பார்த்தால் நோயின் திசை தெரிந்துவிடும். இந்தத் திசைதான் மூன்றாவது படிக்கு அடிப்படை.

செடியின் அடியில் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி உதிர்வது வயதானதால். மேலே புது இலை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: வேர், வெளிச்சம், பூச்சி

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேரில் கோளாறு. தொட்டியின் வடிகால் துளையில் மூக்கை வைத்து முகருங்கள். சாக்கடை வாசனை வந்தால் உள்ளே காற்று இல்லை, வேர் அழுகுகிறது. சிறிய செடியாக இருந்தால் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியோடு வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம். வெள்ளையாக, உறுதியாக இருக்கும் வேர் நல்ல வேர். பழுப்பாகி, பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருவது செத்த வேர். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. தக்காளியிலும் கத்தரியிலும் இது சகஜம். வேர் இப்படி இருக்கும்போது எவ்வளவு உயர்ந்த உரம் வைத்தாலும் உள்ளே போகாது.

குரோ பேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தளத்தில் நேராக வைத்தால் பையின் அடித்துளைகள் சிமெண்டோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்தப் பைகளில்தான் முதலில் மஞ்சள் விழும். நான்கு ஓட்டுத் துண்டு அல்லது இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், போதும்.

அடுக்குமாடி பால்கனியில் நேர் வெயில் இரண்டு மணி நேரம்கூட விழாத இடங்கள் உண்டு. அங்கே தக்காளி, கத்தரி எல்லாம் நெட்டையாக, வெளிறிப்போய் நிற்கும். பார்க்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை மாதிரியே இருக்கும். அங்கே உரம் போடுவது வீண்.

பூச்சியும் வைரஸும் சத்துக்குறை வேடம் போடுவதில் கெட்டிக்காரர்கள். மூன்று இடங்களில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு மாதிரி சுருண்டால் சிலந்திப்பேன். இதைச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறை என்று நினைத்து மாதக்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். வெண்டையில் நரம்பு மஞ்சளாகவும் நடுப்பகுதி பச்சையாகவும் வலை பின்னியது போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு வைரஸ். சத்துக் குறையில் இது நேர் எதிராக, நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். வைரஸ் வந்த வெண்டையைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை. தக்காளியில் கொழுந்து இலை சிறுத்து, மேல்நோக்கிக் கிண்ணம் போல மடங்கி, செடி குட்டையாகவே நின்றுவிட்டால் அதுவும் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இலையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். புள்ளிகள் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: அடி இலையா, கொழுந்தா

செடிக்குத் தேவையான தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகின்றன. மீதி 14 வேர் வழியாக, தண்ணீரில் கரைந்த நிலையில்தான் உள்ளே போக வேண்டும்.

இவற்றில் சில செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் அப்படி. தட்டுப்பாடு வந்தால் செடி தன் கிழட்டு இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முதலில் கெடும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான், துத்தநாகம், மாங்கனீசு, கந்தகம் முதலியவை ஒரு இலையில் போய் உட்கார்ந்தால் அங்கிருந்து எளிதில் நகராது. புதிதாக வரும் கொழுந்துக்குக் கிடைக்காது. அதனால் நுனி முதலில் கெடும்.

நூல் கட்டிப் பார்த்தது இதற்காகத்தான். மஞ்சள் கீழிருந்து மேலே ஏறுகிறதா, மேலேயே தொடங்கியதா என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இனி இலை எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடி இலை நரம்போடு சேர்ந்து முழுதாக வெளிறி, செடி முழுவதும் மெலிந்திருந்தால் தழைச்சத்துக் குறை. தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டிகளில் இது ஐந்தாறு வாரத்திலேயே வரும், ஏனென்றால் நார்க்கழிவில் செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து மிக மிகக் குறைவு.

அடி இலையின் ஓரம் மட்டும் தீயில் காட்டியது போலக் காய்ந்து உள்நோக்கிப் போனால் சாம்பல் சத்துக் குறை. ஆனால் உப்புத் தண்ணீரும் இதே அடையாளத்தைத் தரும். நான்காம் படியை முடிக்காமல் இதற்குப் பொட்டாஷ் போட்டுவிடாதீர்கள், உப்பின் மேல் உப்பாகிவிடும்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மெக்னீசியம். தக்காளி காய்க்கும் காலத்திலும் ரோஜாவிலும் அதிகம் பார்க்கலாம். இலை கரும்பச்சையாகி, அடிப்பக்கம் ஊதா ஓடினால் மணிச்சத்து. பெங்களூருவில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15 டிகிரிக்குப் போகும்போது தக்காளி நாற்றில் இந்த ஊதா தானாக வரும். குளிர்ந்த மண்ணில் வேரால் மணிச்சத்தை எடுக்க முடியாததுதான் காரணம். வெயில் ஏறினால் தானாகச் சரியாகும். அதற்காக டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்ட வேண்டாம்.

இனி கொழுந்து. புது இலையில் நரம்பு மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிய, நடுவெல்லாம் மஞ்சளாகி, முற்றினால் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டால் இரும்பு. கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகை, இக்சோரா எல்லாம் இதற்குச் சீக்கிரம் ஆளாகும். புது இலை அளவிலேயே சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கொத்துக் கொத்தாக நின்றால் துத்தநாகம். எலுமிச்சையில் இது இரும்போடு சேர்ந்தே வரும். நுனியே கருகிப் பக்கக் கிளைகள் புதர் போலக் கிளம்பினால் போரானைச் சந்தேகிக்கலாம். புது இலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறினால் கந்தகம். இதைத் தொட்டியில் நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். எருவிலேயே ஓரளவு கந்தகம் இருக்கிறது.

நான்காம் படி: தண்ணீரைச் சோதியுங்கள்

இந்த ஊர் மாடித்தோட்டத்தின் உயிர்நாடி இந்தப் படி. உங்கள் வீட்டுக்குள் எத்தனை வகைத் தண்ணீர் வருகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். காவேரி, சொந்தப் போர், லாரி, சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர், ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீர், மழைநீர். ஆறும் ஆறு விதம். செடி எதைக் குடிக்கிறது என்பது வீட்டில் பலருக்குத் தெரிவதில்லை.

போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டிக்கு ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். நிலத்தில் இருக்கும் செடிக்கு அத்தனை மண்ணும் சேர்ந்து இதைத் தாங்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் அந்தத் தாங்கும் சக்தி இல்லை. சில மாதங்களில் மண்ணின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6.5 என்ற இடத்திலிருந்து 7.5, 8 என்று ஏறிவிடும். அங்கே இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் கரைய மறுக்கின்றன. வேர் அவற்றைத் தொட்டுக்கொண்டே பட்டினி கிடக்கிறது.

கருவி இல்லாமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். வாளியின் உள்பக்கமும் கெட்டிலின் அடியும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? தெளித்த தண்ணீர் காய்ந்ததும் இலையில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதா? தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படர்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்களுடையது கடினத் தண்ணீர்.

உறுதி செய்ய இரண்டு சின்னப் பொருள்கள் போதும்: டி.டி.எஸ். மீட்டர், பி.எச். தாள். டி.டி.எஸ். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 1000 வரை என்றால் எலுமிச்சை, மல்லி, கீரை நாற்று போன்ற மென்மையான செடிகளுக்குக் கவனம் தேவை. 1000-ஐத் தாண்டினால் வேறு தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். அது என்ன உப்பு என்று சொல்லாது. இதில்தான் சாஃப்ட்னர் தண்ணீர் ஆளை ஏமாற்றும்.

என் சித்தி மர்பி டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடிக்குக் குடிபோனார். ஆறு மாதத்தில் அவருடைய மல்லிச் செடி இலையெல்லாம் ஓரம் கருகியது. போனில் கேட்டேன்.

“தண்ணி எப்படி இருக்கு சித்தி?”

“தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா. பழைய வீட்டை விட சோப்பு நல்லா நுரைக்குது.”

எனக்கு அந்த நுரையே பதிலாக இருந்தது. சாஃப்ட்னர், தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. குளிக்கவும் துவைக்கவும் அது நல்லது. செடிக்குச் சோடியம் தேவையில்லை. அது சேரச் சேர மண் இறுகும், இலை ஓரம் கருகும், சாம்பல் சத்து உள்ளே போவது தடைபடும். சித்தி பராமரிப்பு ஆளிடம் பேசி, சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்க ஏற்பாடு செய்தார். அது கடினத் தண்ணீர்தான், ஆனாலும் சோடியத்தை விட அதைச் சமாளிப்பது சுலபம். இரண்டு மாதத்தில் மல்லி மொட்டு விட்டது.

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல மனதால்தான். ஆனால் மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மண்ணின் பி.எச்.

நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மண்ணில் குத்திப் பார்க்கும் முள் மீட்டரை நான் நம்புவதில்லை. மண் ஈரத்தைப் பொறுத்து அதன் முள் ஆடும். பதிலாக, மூன்று அங்குல ஆழத்திலிருந்து ஒரு கப் மண் எடுத்து, இரண்டு கப் மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். மேலே தெளிந்ததில் பி.எச். தாளை நனையுங்கள். 6 முதல் 7 வரை வந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு நல்லது. 7.5-க்கு மேல் போனால் கொழுந்து வெளிறுவதற்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது. 5.5-க்குக் கீழே இறங்கினால் மணிச்சத்தும் மெக்னீசியமும் தட்டும். ஆனால் போர் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அது நடப்பது மிக அபூர்வம்.

ஆறாம் படி: வைத்தியம்

முதல் வைத்தியம் கழுவுதல். உப்புப் படிந்த தொட்டியில், மண்ணின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். பத்து லிட்டர் தொட்டிக்கு இருபது முப்பது லிட்டர். அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் தொட்டியை வானத்தைப் பார்க்க நகர்த்தி வைத்தால் வானமே செய்துவிடும். எங்கள் மாடியில் ஒரு இருநூறு லிட்டர் டிரம் மழைக்குழாயின் கீழே நிற்கிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் பிடிக்கிறோம். அதை எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் மட்டும் பத்திரப்படுத்துவேன். வளர்ந்த கீரையும் கத்தரியும் போர் தண்ணீரைத் தாங்கிக்கொள்கின்றன.

மழைநீர் இல்லாத மாதங்களில் போர் தண்ணீரின் காரத்தைச் சிட்ரிக் ஆசிட் கொண்டு முறிக்கலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே தூள்தான். பத்து லிட்டர் வாளிக்கு 2 கிராம் போட்டுக் கரைத்து, கால் மணி நேரம் கழித்துப் பி.எச். தாளில் பாருங்கள். 6 முதல் 6.5 வரை வந்தால் நிறுத்துங்கள், வரவில்லை என்றால் அரை அரைக் கிராமாகக் கூட்டுங்கள். உங்கள் போருக்கு எவ்வளவு என்று ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அதே அளவு ஓடும். லாரி மாறினால் மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரிக் ஆசிட்டைச் சீக்கிரம் சாப்பிட்டுவிடும், அதனால் ஒரு முறை ஊற்றி முடித்துவிட முடியாது. எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை.

கறிவேப்பிலைக்கு உப்புப் போடாத புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுவது அம்மா காலத்து வழக்கம். அதில் இருக்கும் லாக்டிக் அமிலம் வேரைச் சுற்றிக் கொஞ்ச நேரம் காரத்தைக் குறைத்து இரும்பை விடுவிக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும்.

தண்ணீர் சரியான பிறகுதான் சத்து. முன்னாலேயே தெளிப்பது தற்காலிகமாகப் பச்சை காட்டும், அடுத்த கொழுந்து மறுபடி வெளிறும்.

இரும்புக்கு உரக் கடையில் செலேட் கேளுங்கள், அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் சேர்மம். இ.டி.டி.ஏ. (EDTA) வகை செலேட், மண்ணின் பி.எச். 6.5-ஐத் தாண்டினால் பிடியை விட்டுவிடும். அதனால் அதை இலையில் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம், மாலையில். மண்ணில் ஊற்றுவதற்கு இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை. கரைத்தால் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் பி.எச். 8-லும் வேலை செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துப் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றினால் போதும். கடைக்காரர் “இரும்பு எல்லாம் ஒண்ணுதான்” என்பார். ஒன்றல்ல. பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கறிவேப்பிலையில் தெளித்தால் பத்து நாள் பறிக்காதீர்கள், பறித்ததையும் நன்றாகக் கழுவுங்கள்.

துத்தநாகம், போரான், மாங்கனீசு என்று தனித்தனியாக வாங்கி வைப்பது வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை. குறிப்பாகப் போரானில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பெங்களூருவை ஒட்டி ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காய்கறிகளுக்கென்றே ‘அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்’ என்ற நுண்சத்துக் கலவையை உருவாக்கியிருக்கிறது. இலையில் தெளிப்பதற்கானது. பயிருக்குப் பயிர் அளவு மாறும், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, லிட்டருக்கு 5 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளிக்கலாம். அடி இலையில் அடையாளம் தெரிந்தால் மட்டும். கொழுந்து வெளிறலுக்கு எப்சம் தெளிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது இரும்புக் குறை, எப்சத்தால் ஒரு பயனும் இல்லை.

தழைச்சத்துக்கு எனக்குப் பிடித்தது கடலைப் புண்ணாக்கு. 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். வாசனை தாங்க முடியாது, பால்கனிக்காரர்கள் பக்கத்து வீட்டோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசனை வேண்டாம் என்றால் வேப்பம் புண்ணாக்கைத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்ணோடு கிளறி விடலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும். யூரியா பயன்படுத்துபவர்கள் லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டாமல், ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, கை கொஞ்சம் தாராளமானால் வேர் வெந்துவிடும். சாம்பல் சத்துக்குச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம். அடுப்புச் சாம்பலும் சாம்பல் சத்துத் தரும், ஆனால் அது காரம். போர் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அதைப் போடாதீர்கள்.

தக்காளியின் கருப்பு அடி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் தோல் போலக் கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச்சத்துக் குறை என்று எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். உடனே முட்டை ஓடு, சுண்ணாம்பு என்று போடுகிறார்கள். நம் கடினத் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அது தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறும் சத்து. தண்ணீரை இலைதான் அதிகம் இழுக்கும், காய்க்குக் கடைசியில்தான் வந்து சேரும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால், காய் வளரும் அந்த முக்கியமான நாட்களில் சத்து வந்து சேராமல் போகிறது.

அதனால் வைத்தியமும் தண்ணீர்தான். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு. மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் மூடாக்கு. கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், அது திரும்பாது. முழுக்க நார்க்கழிவில் வளர்ப்பவர்களுக்கும், காவேரி அல்லது மழைநீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கும் உண்மையிலேயே கால்சியம் குறையலாம். நார்க்கழிவு கால்சியத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை விடும் குணம் உள்ளது. அவர்கள் கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றலாம். மற்ற உரத்தோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், வெண்மையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், ஆணி

முட்டை ஓட்டில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அமில மண்ணில்தான் அது கரையும். பி.எச். 7.5 உள்ள தொட்டியில் வருடக்கணக்கில் ஓடாகவே கிடக்கும். வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கும், தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. தோலைக் கம்போஸ்ட்டில் போடுவது இதை விடப் பயன். துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைப்பது இரும்புக் குறையைத் தீர்க்காது. செம்மண்ணிலேயே இல்லாத இரும்பா ஆணியில்? எலும்புத் தூளை நிறையப் போட்டால் மணிச்சத்து மிகுந்து, இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் கட்டிப்போடும். 2024-ல் என் எலுமிச்சை இலை கொட்டியதில் அதற்கும் பங்கு உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

உரம் கூடிப்போனால்

உரம் வைத்த நாலைந்து நாளில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகினால், அல்லது இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்துப் பூவே வராமல் நின்றால், சத்து மிகுந்துவிட்டது என்று அர்த்தம். வடியும் தண்ணீரைப் பிடித்து டி.டி.எஸ். பாருங்கள். ஊற்றியதை விட ஆயிரம் அளவுக்கு மேல் கூடி வந்தால் தயங்காமல் கழுவுங்கள். மேல்மண் ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். ஒரு மாதம் உரத்தைத் தொடாதீர்கள்.

எவ்வளவு நாள் காத்திருப்பது

தழைச்சத்துக் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வித்தியாசம் தெரியும். இரும்பை இலையில் தெளித்தால் ஓரிரு வாரம், மண்ணில் ஊற்றினால் அடுத்த கொழுந்து விரியும் வரை. மண்ணின் பி.எச். இறங்குவதற்கு மாதங்கள் ஆகும். ஏற்கெனவே காய்ந்து கருகிய இலை பச்சையாக மாறாது, அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். நூலுக்கு மேலே புதிதாக வரும் மூன்று இலைகளை மட்டும் பாருங்கள். மூன்றும் ஒன்றை விட ஒன்று பச்சையாக இருந்தால் வழி சரி.

பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும் மஞ்சள் இலைகளை அழகுக்காகக் கிள்ளிவிடாதீர்கள். செடி இன்னும் அவற்றை வைத்துத்தான் சமைத்துக்கொண்டிருக்கிறது. புது இலை நாலைந்து நன்றாக முற்றிய பிறகு பழையவை தானாக விழும், இல்லை என்றால் அப்போது எடுக்கலாம். எங்கள் எலுமிச்சையில் அந்தக் கோடையின் கடைசி வெளிறிய இலை டிசம்பர் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அதைச் சுற்றிப் பூ வந்திருந்தது.